சின்சே கேட்ட கேள்வி

பக்கத்து வீட்டு எலுமிச்சை மரத்தடியில் மண்டியிட்டு, இரண்டு கைகளாலும் ஈரமண்ணைத் தோண்டிக்கொண்டிருந்தாள் பிரணவி.

ஜூலை மழை முதுகில் கொட்டியது. வேலிக்கு அந்தப் பக்கம், அவளுடைய வீட்டு வாசலில் கார் உறுமிக்கொண்டு நின்றது. கணவன் கௌசிகன் ஹார்னை ஒருமுறை அழுத்தினான். மறுமுறை அழுத்திய கையை எடுக்கவேயில்லை.

“பிள்ளை! எங்கை போய்த் துலைஞ்சாய்?” கௌசிகனின் அக்கா, மச்சாள் ரதிதேவியின் குரல். “குழந்தை கண் முழிக்குதில்லை! கெதியா வாவன்!”

விரலில் தட்டுப்பட்டுவிட்டது. வெந்து கறுத்த இலைத் துண்டுகள், நார் நாராய்ப் பட்டை. நேற்று மாலை அவளே கொட்டி மூடிய கசாயச் சக்கை. ரொட்டி வந்த பிளாஸ்டிக் பைக்குள் ஒரு பிடி அள்ளிப் போட்டாள். மழைக்கோட்டுப் பைக்குள் திணித்தாள். வேலி இடுக்கால் நுழைந்து ஓடினாள்.

சற்று முன்னால்தான் தொலைபேசி வந்திருந்தது. பக்கத்து வீட்டு வேதவள்ளி. ஈப்போவில் பிறந்து வளர்ந்தவள், இப்போது விமான நிலையத்துக்குச் சாப்பாடு கட்டும் இடத்தில் வேலை. அங்கிருந்தே பேசினாள்.

“பிரணா, பிள்ளை மஞ்சளா இருக்கான்னு காலைல சொன்னியே, அதுலேருந்து எனக்கு வேலையே ஓடல லா. அந்தச் சீன வைத்தியர் சின்சே குடுத்த மருந்துல வோங் லின் வேர் இருந்திச்சா? எங்க ஊர்ல பிள்ளை பெத்தவ கண்ணுல அதைக் காட்டவே மாட்டாங்க. தாய் குடிச்சா பிள்ளைக்கு மஞ்சள் ஏறிடுமாம். பயங்கரமா கசக்கும்டி அது. நீ குடிச்சது கசந்திச்சா?”

கசந்தது. குடித்த ஒவ்வொரு நாளும் கசந்தது.

கார் மவுண்ட் ரோஸ்கில்லைத் தாண்டியது. பின்சீட்டில் ரதிதேவி குழந்தைமேல் கவிந்திருந்தாள். பிறந்து மூன்றாம் வாரம். மஞ்சள் பூசிக் குளிப்பாட்டியதுபோல் இருந்தான். காலையில் பால் குடிக்க வாயே திறக்கவில்லை. முப்பத்தோராம் நாள் சடங்கு கழியும்வரை பிள்ளைக்குப் புதுத்துணி கூடாது என்பது ரதிதேவியின் கட்டளை. பாபடோயிட்டோயில் அவள் வீட்டு அலுமாரிக்கு மேலே வருடக்கணக்காய்ப் பூட்டிக் கிடந்த பெட்டியைத் திறந்து, தாயின் நூல்சேலைகளை எடுத்துக் கிழித்து, பூப்போல மடித்துக் கொண்டுவந்திருந்தாள். ஊர் என்றால் வெயிலில் ஒரு பொழுது விரித்தெடுப்பார்கள். இந்த ஜூலைக் குளிரில் ஆக்லாந்தில் வெயிலுக்கு எங்கே போவது? ஹீட்டருக்கு முன்னால் கதிரையில் போட்டுச் சூடுகாட்டி, அந்தச் சூட்டோடு சுற்றிவிடுவாள். அவளளவுக்கு அந்தப் பிள்ளையை யாரும் தாங்கியிருக்க முடியாது. அதை நினைத்ததும் பிரணவி கோட்டுப் பையை இன்னும் அழுத்தி மூடினாள்.

ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர். காதளவு வெட்டிய நரைமுடி, அவசரமில்லாத கண்கள். குழந்தையின் குதிகாலில் குத்தி இரத்தம் எடுத்துக்கொண்டே கேட்டார்.

“தாயோ குழந்தையோ ஏதாவது மருந்து எடுத்தீர்களா? நாட்டு மருந்தானாலும் சொல்லுங்கள்.”

“நோ, நோ டாக்டர்” என்று ரதிதேவி முந்திக்கொண்டாள். “ஒன்லி பத்தியம்.”

டாக்டர் கௌசிகனைப் பார்த்தார். “மிளகும் உள்ளிப்பூண்டும் கூடின சாப்பாடு” என்று அவன் தடுமாறி விளக்கினான்.

டாக்டரின் பார்வை பிரணவியிடம் வந்து நின்றது. கோட்டுப் பையிலிருந்து சக்கையின் ஈரம் தொடையில் கசிந்துகொண்டிருந்தது.

“இல்லை” என்றாள் பிரணவி.

குழந்தையின் உடுப்பைக் களைந்தார்கள். கண்ணைக் கட்டி நீல விளக்கின் கீழே கிடத்தினார்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றவளுக்கு அந்த மாடிப்படி நினைவுக்கு வந்தது.

டொமினியன் ரோட்டில் ஒரு மளிகைக்கடைக்கு மேலே, சின்சேயின் வைத்தியசாலைக்கு ஏறும் மாடிப்படி. பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு கிளம்பிய பருக்கள் அவள் மோவாயையும் கன்னத்தையும் மூடிவிட்டிருந்தன. “என்ன பிள்ளை, முகம் பாகற்காய் மாதிரிக் கிடக்கு? முப்பத்தொண்டு வீடியோவைப் பாத்து எங்கட டொரொன்டோச் சனம் சிரிக்கப் போகுது” என்று ரதிதேவி சொன்ன அன்று அவள் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள். குடும்ப டாக்டரோ, பால் கொடுக்கும் காலத்தில் மாத்திரை வேண்டாம், தானாக அடங்கும் என்றுவிட்டார். அப்போதுதான் வேதவள்ளி கையைப் பிடித்து இழுத்தாள். மிட்வைஃபைப் பார்க்கப் போவதாகப் பொய் சொல்லி, பிள்ளையை ரதிதேவியிடம் விட்டுவிட்டு, பால் குடித்தவனைத் தட்டி ஏவறை எடுக்கத் தோளில் போட்டிருந்த துணியைக்கூட எடுக்க மறந்து கிளம்பியிருந்தாள்.

லாம் சின்சே பருவைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. நாக்கை நீட்டச் சொன்னார். நுனி சிவப்பு, நடுவில் தடித்த மஞ்சள் படிவு. மூன்று விரலை மணிக்கட்டில் வைத்துக் கண்ணை மூடினார். பிறகு கான்டனீஸில் பேச, வேதவள்ளி சொல்லச் சொல்லத் தமிழாயிற்று.

“பரு தோலோட குத்தமில்லையாம். அடியில அடுப்பு எரியுது, மேல சட்டி மூடி துள்ளுது. மூடியை அமுக்கிப் பிடிச்சு என்ன பிரயோஜனம்னு கேக்குறாரு. கன்னத்துல வந்தா வயித்துச் சூடு. அது நுரையீரலுக்கு ஏறுதாம். தோலுக்கு எஜமானே நுரையீரல்தானாம். மோவாயில வந்தா கருப்பைப் பக்கம் ஓட்டம் சரியில்ல. என்னா சாப்பிடுறேன்னு கேக்குறாரு.”

“மிளகு. உள்ளி. நல்லெண்ணெய். கருவாடு.”

சின்சே சிரித்தபடி பேச, வேதவள்ளி சொன்னாள். “அவங்க வீட்டுலயும் பிள்ளை பெத்தா இஞ்சியும் எள்ளெண்ணெயும்தானாம். அதுல தப்பில்ல, ஆனா உனக்கு அளவு மீறிடுச்சு. மேல சூடு, அடியில குளிர். ரெண்டையும் பார்த்துத்தான் மருந்து கட்டணுமாம். பொரிச்சது, கருவாடு, சாக்லேட் எல்லாம் நிறுத்தச் சொல்றாரு. இரும்புச் சட்டியில காய்ச்சாதே, மண்சட்டிதான்.”

பிறகு அவர் மூக்கை உயர்த்திக் காற்றை இழுத்தார். ஒருமுறை. இன்னொருமுறை. பிரணவியின் தோள்பக்கம் குனிந்து ஏதோ கேட்டார். வேதவள்ளியின் முகம் ஒரு கணம் தயங்கியது.

“என்னவாம்?”

“ஒன்னுமில்ல லா. வீட்டு வாசம்ங்கிறாரு. அவங்க வைத்தியத்துல மோந்து பார்க்கிறதும் ஒரு பரிசோதனை.”

பிரணவி கூசிப்போனாள். பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரி எழுந்து வேறிடம் போய் உட்கார்ந்த நாள் ஞாபகம் வந்தது. கறி மணம். வேறென்ன இருக்கும்? அதற்குமேல் ஒன்றும் கேட்காமல் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு இறங்கிவிட்டாள். காய்ச்சியது வேதவள்ளியின் அடுக்களையில். குடித்தது அங்கேயே நின்று. சக்கை எலுமிச்சைக்கு.

மோவாயில் பரு வற்றத் தொடங்கியது. அந்த வாரம்தான் பிள்ளை மஞ்சளானான்.

பின்னேரம் டாக்டர் திரும்பி வந்தார். இம்முறை கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“உங்கள் மகனின் இரத்தத்துக்குக் காவலாய் இருக்கவேண்டிய ஒரு நொதி பிறவியிலேயே குறைவு. தெரியாமல் ஏதாவது பட்டுவிட்டால் இரத்த அணுக்கள் உடைந்து மஞ்சளாய் ஏறும். அதிகமானால் மூளைக்குப் போய்விடும். எது பட்டது என்று கண்டுபிடித்து நிறுத்தியாக வேண்டும். உடைக்கிறவை சில இருக்கின்றன. சில மாத்திரைகள், ஒருவகை அவரை, சில மூலிகைகள்…”

“நான் குடிச்சனான்!”

சொல் அவளை மீறி வெளியே விழுந்தது. கோட்டுப் பையிலிருந்து ரொட்டிப் பையை இழுத்து டாக்டரின் கையில் வைத்தாள். மண்ணும் சக்கையும் குழைந்து வழிந்தன. மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் கொட்டினாள். சின்சே, பரு, பொய், கசப்பு.

ரதிதேவி வாயில் கைவைத்துக்கொண்டு எழுந்தாள்.

“முகத்திலை ரெண்டு பருவுக்கு என்ர தம்பியின்ர பிள்ளையைக் காவு குடுக்கப் பாத்தனியே! சீனன்ர மருந்து! பத்தியத்திலை இருக்கிறவள்!”

“அக்கா, கொஞ்சம் பேசாமல் இருங்கோ” என்றான் கௌசிகன். அவன் பிரணவியைப் பார்க்கவில்லை. “ஏனப்பா என்னட்டை ஒரு வார்த்தை சொல்லேல்லை நீர்?”

பிரணவி விரலிடுக்கில் ஒட்டியிருந்த மண்ணைக் கோட்டில் துடைத்தாள்.

தாய்ப்பாலை நிறுத்தினார்கள். சக்கையைப் பார்த்து டாக்டருக்கு எதுவும் விளங்கவில்லை. கட்டிக் கொடுத்தவரே வந்தால் நல்லது என்றார். பிரணவி தாழ்வாரத்துத் தொலைபேசியில் வேதவள்ளியைப் பிடித்தாள். போத்தல் பாலை இனி யார் கொடுப்பது என்ற கேள்வியே எழவில்லை. ரதிதேவி எடுத்துக்கொண்டாள். ஒவ்வொரு முறையும் பிள்ளையை விளக்கிலிருந்து எடுத்து, “குளிருது என்ர குஞ்சுக்கு” என்று சேலைத்துண்டால் மூக்குவரை சுற்றி, நெஞ்சோடு அணைத்தே பருக்கினாள். பிரணவி கையை நீட்டியபோது முதுகைத் திருப்பிக்கொண்டாள்.

பால் நின்றுவிட்டது. மருந்து நின்றுவிட்டது. மஞ்சள் இறங்கியிருக்க வேண்டும்.

மறுநாள் காலை அது ஏறியிருந்தது.

“இரத்தத்தை மாற்ற ஏற்பாடு செய்கிறோம்” என்றார் டாக்டர். அவசரமில்லாத அந்தக் கண்களில் இப்போது அவசரம் இருந்தது. “ஆனால் காரணம் இன்னும் நிற்கவில்லை என்றால், மாற்றுகிற இரத்தத்திலும் மஞ்சள் ஏறாது என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது. யோசியுங்கள். வேறு என்ன?”

லிஃப்ட் திறந்தது. வேலை உடுப்போடு வேதவள்ளி. பின்னால் கம்பளித் தொப்பியும் குடையுமாக லாம் சின்சே.

அவர் யாருக்கும் வணக்கம் சொல்லவில்லை. மேசையில் விரித்திருந்த சக்கையை நோக்கி நேராகப் போனார். ஒவ்வொன்றாய் விரலால் பிரித்து வைத்தார்.

“லோக்வாட் இலை” என்று வேதவள்ளி ஆங்கிலத்தில் டாக்டருக்கும் தமிழில் பிரணவிக்குமாய் மாறிமாறிச் சொன்னாள். “பின்பக்கத்துப் பஞ்சை அவரே தேய்ச்சு எடுத்தாராம். இது மல்பெரி வேர்ப்பட்டை. இது டேன்டிலயன், உங்க புல்லுல முளைக்கிறதுதான். கசப்பு இதோட கசப்பு.”

“அந்த வோங் லின்?” என்றாள் பிரணவி.

வேதவள்ளி அதை அவரிடம் கேட்டாள். சின்சே தொப்பியைக் கழற்றிக்கொண்டு சற்றுக் கோபமாகவே பதில் சொன்னார்.

“பருவுக்கு வழக்கமாக் கட்டுற மருந்துல அது உண்டாம். ஆனா உனக்குப் போடலயாம். ‘பிள்ளை பெத்த உடம்பு காலி வீடு, அடியில குளிர். அதுல கொண்டுபோய் அந்த வேரைப் போடுவேனா’ன்னு கேக்குறாரு. நீ பால் குடுக்குறேன்னு சொன்னப்பவே அவர் கையால எடுத்து வெச்சுட்டாராம்.”

பிரணவி அந்த டேன்டிலயன் துண்டை எடுத்துப் பார்த்தாள். நான் இல்லை. நான் இல்லை. அடுத்த கணமே விளக்கின் பக்கம் திரும்பினாள். அப்படியென்றால் எது? இந்த நிமிடமும் என் பிள்ளையை உடைத்துக்கொண்டிருப்பது எது?

ரதிதேவி இதையெல்லாம் கேட்காதவள்போல் போத்தலைக் குலுக்கினாள். பிள்ளையை விளக்கிலிருந்து எடுத்தாள். பையிலிருந்து புதிதாய் ஒரு துண்டுச் சேலையை உதறி விரித்தாள்.

சின்சேயின் தலை நிமிர்ந்தது.

மூக்கு உயர்ந்தது. காற்றை இழுத்தார். ஒருமுறை. இன்னொருமுறை. வேதவள்ளியைப் பார்த்து ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்.

வேதவள்ளி வெளுத்துப்போனாள்.

“என்ன சொல்லுறார்?”

“அன்னைக்குக் கேட்ட அதே கேள்விடி.”

“அண்டைக்கு வீட்டு வாசம் எண்டு சொன்னார் எண்டல்லோ சொன்னனீங்கள்?”

“நான்தான் மாத்திச் சொன்னேன்.” வேதவள்ளி பிரணவியின் கையைப் பிடித்தாள். “உன் மனசு நோகுமேன்னு. சபையில உன்மேல வாடை அடிக்குதுன்னு எப்படி லா சொல்றது?”

“வேதாக்கா, என்ன கேட்டவர்?”

“‘இவ தோள்ல கிடக்கிற துணியில பூச்சி உருண்டை நெடி மூக்கைத் துளைக்குதே, பிள்ளையை இதுலயா சுத்துறா?’ன்னு கேட்டாரு.”

பிறகு அதே சொல்லை அவள் ஆங்கிலத்தில் சொன்னாள். டாக்டர் மேசையைச் சுற்றி வரவில்லை. கதிரையைத் தள்ளிக்கொண்டு பாய்ந்தார். ரதிதேவியின் கைகளுக்குள்ளிருந்து அந்தச் சேலையை உருவினார். மூக்கில் வைத்தார்.

“குளிப்பாட்டுங்கள். உடனே. இந்தத் துணியில் ஒரு நூல்கூட இந்த அறையில் இருக்கக்கூடாது” என்று நர்ஸிடம் கத்திவிட்டு, பிரணவியின் பக்கம் திரும்பினார்.

“நேற்று நீங்கள் என்னைச் சொல்லி முடிக்கவிடவில்லை அம்மா. மூலிகைக்கு அடுத்ததாக நான் சொல்ல வந்தது இதைத்தான். பெட்டியில் துணிகளுக்குள் போடும் அந்த வெள்ளைப் பூச்சி உருண்டையின் நெடி போதும், இவன் இரத்தத்தை உடைக்க.”