கறிக்குள் ரெண்டு முடிச்சு

மபாஸா கறிச்சட்டிக்குக் கிட்ட நின்றாலே உப்புக் குறைவு, புளி கூட என்று சொல்லிவிடுவாள். நோன்பு மாதத்தில் அது பெரிய உதவி. நாக்கு நுனியில் வைத்துத் துப்பிவிடலாம் என்பார்கள் சிலர். அவளுக்கு மனசு ஒப்பாது. மூக்குதான் ருசி பார்க்கும்.

அந்த மூக்கு கொரோனாக் காய்ச்சலோடு போனது போனதுதான். கறுவா, ஏலம், அன்னாசிப்பூ எல்லாம் அவளுக்கு இப்போது வெறும் விறகு. யாரிடமும் மூச்சு விடவில்லை. சொன்னால் அடுப்படி கையை விட்டுப் போய்விடும். அப்புறம் இந்த வீட்டில் அவளுக்கு என்ன இருக்கிறது? இடுப்பு விண்விண்ணென்று தெறிக்கிறது, எப்போது படுப்போம் என்றிருக்கிறது, ஆனாலும் அகப்பையை விடமாட்டாள். அப்படியொரு பிடிவாதம்!

அன்றைக்குப் புருஷன் ஜிப்ரியின் அக்காமார் பல்லேபொலயிலிருந்து நோன்பு திறக்க வருகிறார்கள். மபாஸாவின் நெய்ச்சோற்றுக்கும் இறைச்சிக் கறிக்கும் என்றே வருஷா வருஷம் வருகிறவர்கள். ஒன்று பிசகினால் ஊர் முழுக்கச் சொல்லி முடிப்பார்கள். மருமகள் றுஸ்னாவை உதவிக்குக் கூப்பிடலாம் என்றால் அவள் மசக்கைக்காரி. நோன்பும் இல்லை. தாளிக்கிற வாசம் பட்டாலே கொல்லைக்கு ஓடுகிறாள், அதிலும் அன்னாசிப்பூ என்றால் கேட்கவே வேண்டாம்.

யாரும் கடித்துவிடாமல் இருக்க, அன்னாசிப்பூவையும் கறுவாவையும் சீலைத்துண்டில் முடிந்து இறைச்சிக்குள் போட்டுவிட்டு அஸர் தொழப் போனாள் மபாஸா. தொழுதுவிட்டு வந்தால் சந்தேகம். போட்டேனா, இல்லையா? மூக்கு இருக்கிறவர்களுக்கு ஆவியே பதில் சொல்லும். அகப்பையால் துழாவினாள், தட்டுப்படவில்லை. களைப்பில் மண்டையும் ஓடவில்லை. இன்னொரு முடிச்சைப் போட்டாள், அதுவும் தாராளமாக.

கொஞ்ச நேரத்தில் கொல்லையில் றுஸ்னா ஓங்கரிக்கும் சத்தம் கேட்டது.

"மாமி, என்ன போட்டீங்க? கஷாயம் காய்ச்சின மாதிரி அடிக்குதே!"

"ஒனக்கு எல்லாமே அப்புடித்தான் புள்ள, போய்ப் படு" என்றாள் மபாஸா. யா அல்லாஹ், ரெண்டு தடவை போட்டுத் தொலைத்திருக்கிறாள்! கறியைக் கொட்டிவிட்டு வேறு ஆக்க நேரமும் இல்லை, உடம்பில் தெம்பும் இல்லை. அதற்குள் வாசலில் த்ரீவீல் வந்து நின்றது. முகத்தில் சிரிப்பை ஒட்டிக்கொண்டு மதினிமாரை வரவேற்கப் போனாள். அவர்கள் பிடித்த பிடியில், பள்ளியில் வாங்கு சொல்லும்வரை முன்னறையை விட்டு அசைய முடியவில்லை.

நோன்பு திறந்து, தொழுது, எல்லாரும் பெரிய சஹன் தட்டைச் சுற்றி உட்கார்ந்தார்கள். மூத்த மதினி ஸுலைஹா ஒரு பிடி அள்ளி வாயில் வைத்தாள். மபாஸா தலையைக் குனிந்துகொண்டாள். இன்றோடு மானம் போச்சு.

"மபாஸா, ஒன்ட கைக்கு மட்டும் வயசே போகல்ல!"

மபாஸா தானும் ஒரு வாய் வைத்துப் பார்த்தாள். வாசம்தான் தெரியாது, கசப்புத் தெரியும். கசக்கவில்லை. எழுந்து அடுப்படிக்குப் போனாள்.

பீங்கான் தட்டில் ரெண்டு முடிச்சும் பிழிந்து கிடந்தன. பக்கத்தில் அவள் உரிக்காத உருளைக்கிழங்கின் தோல், பால் பிழிந்த தேங்காய்ச் சக்கை. பின்வாசல் படியில் றுஸ்னா, முந்தானையை மூக்கில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, வாந்தியெடுத்துச் சிவந்த கண்ணோடு உட்கார்ந்திருந்தாள்.

மபாஸா அவள் பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்தாள். "எப்ப தெரியும்?"

"மொத நோன்பண்டு பால் அடிப்பிடிச்சு வீடே கருகல் நாத்தம். நீங்க அடுப்புக்கிட்ட நின்டு தஸ்பீஹ் ஓதிட்டு இருந்தீங்க."

"ஏன்டி சொல்லல்ல?"

"சொன்னா நீங்க ஒடைஞ்சு போயிருவீங்க மாமி."

உள்ளேயிருந்து ஸுலைஹாவின் குரல் வந்தது. "மபாஸா, இன்னங் கொஞ்சம் கறி!"

றுஸ்னா எழும்பப் பார்த்தாள். மபாஸா அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். "வந்து அள்ளிக்கட்டும். கை இருக்குதானே."

மபாஸாவின் கண் நிறைந்தது.

"கறி கெடக்கட்டும் புள்ள. நாளைக்கு ஒன்ட புள்ள பொறந்தா, அதுட தல எப்புடி மணக்கும்னு எனக்குத் தெரியாமலே போயிருமே."

றுஸ்னா மூக்கில் கட்டியிருந்த முந்தானையை அவிழ்த்து மாமியின் கண்ணைத் துடைத்தாள்.

"நான் மோந்து சொல்றேன் மாமி. ஒவ்வொரு நாளும் சொல்றேன்."