மலுவின் பக்கம் ஐந்து காலடி

என் மகள் மிருணாளினியின் கைத்தொலைபேசியைத் திறந்தால் முதலில் தெரிவது என் முகம் இல்லை. ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் முகம். வயது அறுபத்தைந்து இருக்கும். ஆரஞ்சு நிற மேற்சட்டை, ஆரஞ்சுத் தொப்பி, தோளில் துவக்கு. பக்கத்தில் அதே கோலத்தில் என் மகள். இரண்டு பேரும் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறார்கள். பாரிசில் ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் ஐந்தாம் மாடிவரை அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஏறி இறங்கியவள் நான். படத்தில் நிற்பவள் மரி-லூயிஸ்.

மரி-லூயிஸ் யார் என்றால், மிருணா கட்டப்போகிற அந்துவானின் தாய். புருசன் இல்லை. பாரிசுக்கு வடக்கே, ரயிலில் ஒரு மணி நேரத் தூரத்தில், காட்டோரமாக வீடு. அந்துவானுக்கு வேட்டை பிடிக்காது. அந்தக் குறையைத் தீர்க்க அந்த மனுசிக்கு என் மகள்தான் கிடைத்தாள். ஏழு வருசத்துக்கு முன் அந்த வீட்டுக்கு முதல் தரம் போனவள், அடுத்த வருசம் வேட்டைப் பரீட்சையில் பாஸ் பண்ணி அனுமதிப் பத்திரத்தோடு வந்து நின்றாள். துவக்குச் சத்தத்துக்குப் பயந்து நாட்டை விட்டு ஓடி வந்த சனம் நாங்கள். எங்கள் பிள்ளைக்குத் துவக்கு விளையாட்டு.

அந்த மனுசியை மிருணா ‘மலு’ என்று கூப்பிடுவாள். வீட்டில் வாயைத் திறந்தால் மலுதான். மலு சொன்னா, மலு காட்டித் தந்தவா, மலு சிரிச்சவா. என்னோடு வெள்ளிக்கிழமை ரூ பஜோல் கோயிலுக்கு வரச் சொன்னால் களைப்பு என்பாள். மலுவோடு போவதென்றால் விடியக் காலை நாலு மணிக்கு எழும்பித் தலை இழுத்துக் கட்டிக்கொண்டு நிற்பாள். ஒரு நாள் நான் பொறுக்கமாட்டாமல் கேட்டேன்.

“அந்த மனுசியோடை அப்பிடி என்னதான் கதைக்கிறனி?”

“எல்லாம் கதைப்பன் அம்மா. மலுவிட்டை நான் ஒண்டும் மறைக்கிறேல்லை. பொய் சொல்லவும் ஏலாது, உடனை பிடிச்சிடுவா.”

இதை அவள் பெருமையாகத்தான் சொன்னாள். எனக்கு வயிறு எரிந்தது. பொறாமையா என்று கேட்டால், ஓம், பொறாமைதான். வேறு பெயர் வைத்து மறைக்க எனக்குத் தெரியாது. வருகிற ஆனியில் கல்யாணம். அதற்குப் பிறகு அவள் முழுதாக அந்தப் பக்கம் போய்விடுவாள். அதற்கு முன் என் மகளோடு எனக்கென்று ஒன்று வேண்டும், அந்த மனுசிக்குக் கிடைக்காத ஒன்று. இவ்வளவுதான் நான் ஆசைப்பட்டது.

வழி தானாகவே வந்தது. ஒரு ஞாயிறு மத்தியானம் சாப்பிடும்போது மிருணா தன்னோடு வேலை செய்யும் ஒருத்தி வேட்டைக்குப் போன கதையைச் சொன்னாள். பரீட்சை எழுதாதவர்களும் அரைநாள் பயிற்சி எடுத்துவிட்டு, அனுமதிப் பத்திரம் உள்ள ஒருவரோடு சேர்ந்து ஒரு வருசம் வேட்டைக்குப் போகலாமாம். இரண்டு பேருக்கும் ஒரே துவக்கு.

“கூட்டிக்கொண்டு போற ஆளுக்கு எத்தினை வருச அனுபவம் வேணும்?” என்று கேட்டேன்.

“அஞ்சு.”

“உனக்கு ஆறு.”

என் புருசன் வாமதேவன் கறிக்கரண்டியைச் சட்டியிலேயே விட்டுவிட்டார்.

“உனக்கென்ன விசரோ, கலாவதி?” என்றார். “மீன் வெட்டேக்கை கண்ணை மூடுற ஆள் நீ.”

“மான் வெட்டப் போகேல்லை. சுடத்தான் போறன்.”

மிருணா என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். அந்தச் சிரிப்பு படத்தில் இருக்கும் சிரிப்புப்போல இருந்ததால் நான் பின்வாங்கவில்லை. காய்கறிக் கடை முதலாளியிடம் அரைநாள் லீவு கேட்டேன். கல்யாண வேலை என்று சொல்லிவைத்தேன். பயிற்சிக்கு வந்தவர்களில் ஐம்பது வயதைத் தாண்டியவள் நான் ஒருத்திதான். என் பிரெஞ்சு கத்தரிக்காய் விற்கப் போதும், துவக்கைப் பற்றிப் பேசப் போதாது. மிருணா பக்கத்தில் இருந்து மொழிபெயர்த்தாள். அந்த நாலு மணித்தியாலமும் அவள் வாயில் மலு வரவேயில்லை. எனக்குத் தேன் குடித்ததுபோல இருந்தது.

ஆனால் வேட்டைக்குக் குறித்த நாளைப் பார்த்தபோது தலையில் கை வைத்தேன். அது சூரன்போர் நாள். கந்தசஷ்டிக்கு நான் ஆறு நாளும் பாலும் பழமுமாக விரதம் இருப்பவள். ஆறாம் நாள் முருகன் சூரனை வெல்லும் நாள். அன்றைக்கு மான் சுடுவதா? இரண்டு நாள் யோசித்தேன். வள்ளியைப் பார்க்க வேடன் வேசம் போட்டு, இந்தப் பக்கம் மான் வந்ததா என்று கேட்டவர்தானே முருகன். அவருக்கு இது பெரிய குற்றமாகத் தெரியாது என்று முடிவெடுத்தேன். மனுசருக்குப் பொறாமை வந்தால் சாமியையும் சாட்சிக்கு இழுக்கலாம்.

கையில் விரதக் காப்போடும் வெறும் வயிற்றோடும் அன்று காலை மிருணாவோடு ரயிலால் இறங்கினேன். மரி-லூயிஸ் தன் வான் வண்டியோடு காத்திருந்தாள். இரண்டு கன்னத்திலும் கொஞ்சினாள். பிறகு ஒரு பையிலிருந்து சப்பாத்து ஒரு சோடி எடுத்துத் தந்தாள். முழங்கால் வரைக்கும் வரும் ரப்பர்ச் சப்பாத்து, எனக்காகப் புதிதாக வாங்கியது. போட்டுப் பார்த்தேன், அளவெடுத்ததுபோல இருந்தது. என் கால் அளவுகூட இவளுக்குத் தெரிந்திருக்கிறது என்று நினைத்ததும் காலில் முள் குத்தியதுபோல இருந்தது. நன்றி சொன்னேன். வேறென்ன செய்ய?

காடு என்றால் ஆளில்லாத இடம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அது அரசாங்கக் காடு, எல்லோருக்கும் பொது. சனிக்கிழமை, நல்ல வெயில், இலையெல்லாம் மஞ்சள். தேர்த் திருவிழா நாளில் பாரிசில் எங்கள் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் காணும் சனத்தில் அரைவாசி அங்கே நின்றது. ஓடுகிறவர்கள், சைக்கிள்காரர், நாய் கூட்டி வந்தவர்கள், கூடையோடு காளான் பொறுக்குகிறவர்கள், போதாததற்கு வேறு இரண்டு வேட்டைக் குழுக்கள். ‘வேட்டை நடக்கிறது’ என்று பாதையோரமெல்லாம் பலகை வைத்திருந்தார்கள். சனம் அதற்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்தது.

எங்கள் குழுவுக்கு அன்று நாலு மானுக்குத்தான் அனுமதி. அதற்கு நாலு பிளாஸ்டிக் காப்பு கொடுத்திருந்தார்கள், ஒவ்வொன்றிலும் இலக்கம். சுட்ட மானின் காலில் அந்தக் காப்பைப் பூட்டிய பிறகுதான் இடத்தை விட்டு அசைக்கலாம். காப்பு முடிந்தால் வேட்டை முடிந்தது. மத்தியானத்துக்குள் மூன்று காப்பு போய்விட்டது. எங்களுக்கு இரண்டு தரம் மான் வந்தது. ஒரு தரம் பின்னால் காளான்காரர், மறுதரம் சைக்கிள் கூட்டம். சுட முடியவில்லை. இப்போது மிச்சம் ஒரே ஒரு காப்பு.

“கடைசிச் சுற்றுக்குத் துவக்கை நீங்கள் வைச்சிருங்கோ அம்மா,” என்றாள் மிருணா.

எங்களை ஓர் ஓக் மரத்தடியில் நிறுத்தினார்கள். இடது பக்கம் அறுபது மீற்றர் தள்ளி அடுத்த இடத்தில் மரி-லூயிஸ். எங்கே போனாலும் பக்கத்து வீடு அவள்தான். மிருணா இரண்டு குச்சி முறித்து எடுத்தாள். மலு நிற்கும் திசையை நோக்கி ஐந்து காலடி நடந்தாள். அங்கிருந்து நேரே காட்டுக்குள் திரும்பி மூன்று காலடி வைத்து ஒரு குச்சியை நட்டாள். வலது பக்கமும் அப்படியே செய்தாள்.

“இந்தக் குச்சிக்கும் மலுவுக்கும் இடையிலை என்ன வந்தாலும் சுடக்கூடாது,” என்றாள். “குண்டு எங்கை தெறிக்கும் எண்டு சொல்லேலாது. இஞ்சை இரண்டு குச்சிக்கும் நடுவிலை வந்தால் மட்டும்தான்.”

“மற்றப் பக்கத்திலை நிக்கிறவை?”

“எல்லாருக்கும் இதே கணக்குத்தான்.”

எனக்கு எல்லாம் விளங்கியது. ஆனாலும் அந்த இடது பக்கத்துக் குச்சி, மலுவை என்னிடமிருந்து காப்பாற்ற என் மகள் நட்டு வைத்த குச்சியாகத்தான் எனக்குத் தெரிந்தது.

தூரத்தில் கொம்பு ஊதினார்கள். ஆட்கள் மரங்களில் தட்டிக்கொண்டும் சத்தம் போட்டுக்கொண்டும் காட்டுக்குள்ளிருந்து எங்கள் பக்கம் வந்தார்கள். மிருணா பின்னால் நின்று என் தோளில் கை வைத்திருந்தாள். அவள் மூச்சு என் காதில் பட்டது. சின்ன வயதில் அவள் என்னோடு ஒட்டிக்கொண்டு படுத்ததற்குப் பிறகு இவ்வளவு கிட்ட நின்றதில்லை. இதற்காகவே ஒரு மான் சாகலாம் என்று நினைத்தேன். பாவம்தான், ஆனாலும் நினைத்தேன்.

மான் வந்தது. எங்கள் ஊர் மான்போல இல்லை, ஒரு பெரிய ஆட்டுக்குட்டி அளவுதான். ஓடி வரவில்லை, நடந்து வந்தது. வந்து நின்ற இடம் இடது பக்கத்துக் குச்சிக்கு அந்தப் பக்கம். எனக்கும் மலுவுக்கும் சரி நடுவில்.

“வேண்டாம் அம்மா,” என்று மிருணா காதுக்குள் சொன்னாள். “பொறுங்கோ. அசையாமல் நில்லுங்கோ.”

நான் துவக்கை உயர்த்தவில்லை. சத்தியமாக உயர்த்தவில்லை. ஆனால் மானின் முகம் மலுவின் பக்கம் திரும்பியிருந்தது. இன்னும் பத்து அடி வைத்தால் அது மலுவின் குச்சிகளுக்கு நடுவில் போய்விடும். கடைசிக் காப்பு அவளுக்கு. பிறகு இன்னொரு படம், இன்னொரு சிரிப்பு, ஏழு வருசத்துக்கு மலு கதை. மரத்தடியில் ஆரஞ்சுத் தொப்பி அசையாமல் நிற்பது எனக்குத் தெரிந்தது.

“சூய்!” என்றேன். வாசலில் கோழி கலைப்பதுபோல, கையையும் வீசி, வாய் நிறைய. “போ, அங்காலை போ.”

மான் ஒரு துள்ளுத் துள்ளித் திரும்பியது. ஒருவருடைய குச்சிக்குள்ளும் போகாமல், வந்த வழியே, மரத்தில் தட்டிக்கொண்டு வந்த ஆட்களுக்கு நடுவால் பாய்ந்தது. அதற்கும் அப்பால் பாதையில் நின்ற சனம் கை தட்டிய சத்தம் கேட்டது. என் தோளிலிருந்த மிருணாவின் கை கீழே இறங்கியது.

கொஞ்ச நேரத்தில் நீளமாகக் கொம்பு ஊதினார்கள். முடிந்தது என்று அர்த்தம். மிருணா துவக்கை வாங்கி மடித்துத் தோட்டாவை எடுத்தாள். மரி-லூயிஸ் எங்களை நோக்கி நடந்து வந்தாள். வழக்கப்படி அவளும் துவக்கை மடித்துக் கையில் போட்டிருந்தாள். இரண்டு குழலும் எனக்கு நேரே இருந்தன. அவற்றுக்குள்ளால் வெளிச்சம் தெரிந்தது. அவள் எதையும் வெளியே எடுத்ததை நான் காணவில்லை. இடுப்புப் பட்டியில் தோட்டாக்கள் ஓர் இடைவெளியும் இல்லாமல் வரிசையாக இருந்தன.

“அவ தோட்டா போடேல்லையோ?” என்று மிருணாவைக் கேட்டேன்.

“இந்தச் சுற்றுக்குப் போடேல்லை,” என்றாள் மிருணா. “கடைசி மான் உங்களுக்கெண்டு மத்தியானமே சொல்லிப்போட்டா. தன்ரை பக்கம் வந்தாலும் விட்டிடுவன் எண்டவா. நீங்கள் கொஞ்சம் பொறுத்திருந்தால் அது திரும்பி எங்கடை பக்கம் வந்தாலும் வந்திருக்கும்.”

எனக்கு வெட்கமாக இருந்தது. புதுச் சப்பாத்துக்குள் கால் வேர்த்தது. ஆனால் வெட்கத்துக்கும் மேலாகப் பொறாமைதான் வந்தது. துவக்கு அவளுக்கு, காட்டோர வீடு அவளுக்கு, என் மகள் அவளுக்கு. இந்தப் பெரிய மனசும் அவளுக்கே வாய்க்க வேணுமோ? ஒரு மானை நான் அவளிடமிருந்து பறித்ததாக நினைத்தேன். அவள் அதை எனக்கு முன்னமே தந்துவிட்டிருந்தாள்.

மரி-லூயிஸ் மிருணாவிடம் ஏதோ கேட்டாள். வேகமான பிரெஞ்சு, எனக்குப் பிடிபடவில்லை. மிருணா என்னைப் பார்க்காமல் பதில் சொன்னாள், கொஞ்சம் நீளமாக. கேட்கக் கேட்க மரி-லூயிசின் முகம் மாறியது. என் கையைப் பிடித்து, மணிக்கட்டில் இருந்த காப்பைத் தொட்டுப் பார்த்து, தன் நெஞ்சில் கை வைத்துத் தலை குனிந்தாள். நானும் குனிந்தேன். எதற்கென்று தெரியாமல்தான் குனிந்தேன்.

திரும்பி வரும் ரயிலில் பாதித் தூரம்வரை மிருணா தொலைபேசியைக்கூட வெளியே எடுக்கவில்லை. யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமென்றால் திட்டியாவது தொலைக்கலாம் என்று இருந்தது எனக்கு.

“அந்த மனுசி என்ன கேட்டவா?” என்றேன் கடைசியில்.

“ஏன் மானைக் கலைச்சவா எண்டு.”

“நீ என்ன சொன்னனி?”

“இண்டைக்குச் சூரன்போர், ஆறு நாள் விரதம், மானைக் கண்ட உடனை உயிரெடுக்க மனம் வரேல்லை எண்டு சொன்னன்.” யன்னலில் படிந்த மூச்சைக் கையால் துடைத்தாள். “உங்களை இப்ப ஒரு பெரிய பக்தை எண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறா.”

“அப்பிடித்தான் எண்டு நீயும் நினைக்கிறியோ?”

“இல்லை அம்மா. மான் நிக்கேக்கை நீங்கள் மானைப் பாக்கேல்லை. மலுவைப் பாத்துக்கொண்டு நிண்டனீங்கள். நான் பின்னாலைதானே நிண்டனான்.”

பிடிபட்டுவிட்டேன். காப்புக் கயிற்றைத் திருகிக்கொண்டு இருந்தேன். அவள் என் பக்கம் திரும்பவில்லை, ஆனால் தலையைச் சரித்து என் தோளில் வைத்தாள். காலையில் நாலு மணிக்கு எழும்பின களைப்பு.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மலுவிடம் எதையும் மறைக்காதவள், மலுவிடம் பொய் சொல்லவே ஏலாது என்றவள், இன்றைக்குச் சொல்லியிருக்கிறாள். எனக்காக. மலு நம்பியும் இருக்கிறாள்.

“பிள்ளை,” என்றேன், “உண்மையை அந்த மனுசிக்குச் சொல்லிப்போடாதை.”

“சொல்லமாட்டன்,” என்றாள் கண்ணைத் திறக்காமல். “இது எங்களுக்குள்ளை.”

விரதம் முடிய இன்னும் ஓர் இரவு இருந்தது. கார் து நோர் ஸ்டேசன் வரும்வரை நான் தோளை அசைக்கவில்லை. எனக்குப் பசிக்கவும் இல்லை.