வடகட்டளைக்கு வந்த வெள்ளைப் பொடி

வடகட்டளைக் கல்லூரியின் நுண்ணுயிரியல் துறையில் பாக்டீரியாவை இளஞ்சூட்டில் வளர்க்கும் பெட்டி ஒன்று இருந்தது. இன்குபேட்டர் என்பார்கள். ஏப்ரல் மாதம் அது உயிரை விட்டது. பேராசிரியை ஃபிளோரா அதற்காக எழுதிய ஏழு கடிதங்களுக்கும் முதல்வர் லியோ ஒரே பதிலைத்தான் சொல்லிவந்தார்: "பார்ப்போம்மா." உதவியாளர் ரெத்தினம் ஓர் அட்டைப்பெட்டிக்குள் நாற்பது வாட் பல்பைத் தொங்கவிட்டுக் கொடுத்தார். ஆறு மாதமாக ஆராய்ச்சி அதற்குள்தான் நடந்தது.

அது 2001 அக்டோபர். அமெரிக்காவில் யாரோ தபால் உறைக்குள் ஆந்த்ராக்ஸ் கிருமியைப் பொடியாக வைத்து அனுப்பி, பிரித்தவர்கள் செத்துக்கொண்டிருந்த சமயம். டீக்கடையில் பால்பவுடர் டப்பாவைத் திறந்தால்கூட நாலு பேர் நகர்ந்து உட்கார்ந்தார்கள்.

ஒரு வியாழக்கிழமை காலை கல்லூரிக்குள் போலீஸ் ஜீப் வந்தது. இன்ஸ்பெக்டர் சகாயநாதன் மூக்கைக் கைக்குட்டையால் கட்டிக்கொண்டு இறங்கினார். நீட்டிய கையில், உடம்பிலிருந்து எவ்வளவு தூரம் தள்ளிப் பிடிக்க முடியுமோ அவ்வளவு தூரத்தில், ஒரு சில்வர் தூக்கு.

"நம்ம தபாலாபீசுக்கு நேத்து அமெரிக்காவுலேர்ந்து ஒரு கவர் வந்திருக்குங்க மேடம். அனுப்புனர் பேரு மழையில அழிஞ்சுபோச்சு, நம்ம ஊர் பேரு மட்டும் தெரியுது. யாருதுன்னு பாக்கலாம்னு போஸ்ட் மாஸ்டர் பிரிச்சிருக்காரு. பொடி. அதுல ஒரு ஸ்பூன் இதுல இருக்கு."

ஃபிளோரா தூக்கைத் தொடவில்லை. "இதைப் பெரிய லேபுக்குத்தான் சார் அனுப்பணும். எங்ககிட்ட அந்த வசதி கெடையாது."

"அனுப்பியாச்சுங்க. பதில் வர பத்து நாள் ஆகுமாம். அதுவரைக்கும் போஸ்ட் மாஸ்டரையும் போஸ்ட்மேனையும் உள்ளேயே வெச்சிருக்க முடியுமா?"

"உள்ள வெச்சுப் பூட்டியா இருக்கீங்க?"

"பூட்டு வெளியிலதான். உள்ள ஃபேன் ஓடுது."

அதற்குள் முதல்வர் லியோ ஓடிவந்துவிட்டார். "தேசப் பாதுகாப்பும்மா! நம்ம கல்லூரியை நம்பி வந்திருக்காங்க. என்ன வேணும் சொல்லு."

"இன்குபேட்டர் வேணும் சார்."

மதியம் மூன்று மணிக்குத் தஞ்சாவூரிலிருந்து வேன் வந்து புது இன்குபேட்டர் இறங்கியது. ஆறு மாதமாக நகராத கோப்பில் பத்து நிமிடத்தில் ஐந்து கையெழுத்து விழுந்திருந்தது. ரெத்தினம் அதன் பாலிதீன் உறையைக் கிழிக்க மனமில்லாமல் கொஞ்ச நேரம் தடவிப் பார்த்துக்கொண்டே நின்றார்.

ஃபிளோரா இரட்டை முகமூடி, இரட்டைக் கையுறை மாட்டி, மனதுக்குள் வேளாங்கண்ணி மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டு, கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஒரு துளிப் பொடியைக் கரைத்துச் சாயமேற்றி மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். ஆந்த்ராக்ஸ் என்றால் தடித்த நீலக் குச்சிகள், ரயில்பெட்டி போலக் கோத்துக்கொண்டு நிற்கும். இவை சின்னஞ்சிறு இளஞ்சிவப்புக் குச்சிகள். அவளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. உடனே இன்ஸ்பெக்டருக்கு போன் செய்தாள்.

"பாத்தவரைக்கும் ஆந்த்ராக்ஸ் இல்லை சார்."

"பின்ன என்ன?"

"அதுக்கு நாளைக்குக் காலை வரைக்கும் வளத்துப் பாக்கணும்."

"வளத்துப் பாருங்க. இல்லைன்னு எழுதினா மேல ஏத்துக்க மாட்டாங்க. என்னன்னு எழுதணும்."

மறுநாள் காலை பாக்டீரியா வளர்ந்த தட்டை எடுத்துப் புறஊதா விளக்கடியில் காட்டினாள். பச்சையும் மஞ்சளும் கலந்த ஓர் ஒளி தட்டு முழுக்கப் பரவியது. பின்னால் நின்ற ரெத்தினம் எட்டிப் பார்த்தார்.

"மேடம், இது நம்ம புள்ளை மாதிரியே இருக்கே."

திருவாரூர்ப் பக்கத்து வயல்மண்ணிலிருந்து எட்டு வருடம் முன்பு ஃபிளோரா பிரித்தெடுத்த பாக்டீரியா அப்படித்தான் ஒளிரும். நெற்பயிரின் குலைநோயை அது தடுக்கும் என்பது அவளுடைய ஆராய்ச்சி. ஜூன் மாதம் அதை முகப் பவுடர் செய்யும் வெள்ளை டால்க் மாவில் கலந்து, விதைநெல்லோடு சேர்த்துப் பாருங்கள் என்று இருநூறு விவசாயிகளுக்குத் தபாலில் அனுப்பியிருந்தாள். ஒருவரிடமிருந்தும் பதில் வரவில்லை.

ஒளிர்கிற பாக்டீரியா எல்லாம் தன்னுடையதாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லையே என்று வழியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கோட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போனாள். அங்கே கோட்டாட்சியர் சாவித்திரியின் அறையில் அவசரக் கூட்டம்.

"முதல்ல அந்தக் கவரைப் பாக்கலாமா?" என்றாள் ஃபிளோரா.

இன்ஸ்பெக்டர் இடுக்கியால் ஒரு பாலிதீன் பையைத் தூக்கிக் காட்டினார். உறை முழுக்க முத்திரைகள். நியூஜெர்சி. திருப்பி அனுப்புக. நடுவில், ஹரிஹரசுப்ரமணியன் என்ற பெயர். அந்த 'ஹ'வின் வாலை இழுத்துச் சுழிக்கிற பழக்கம் வடகட்டளையில் ஒருத்திக்குத்தான் உண்டு.

பக்கத்தில் இருந்த முதல்வர் லியோ அவள் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார். "தீங்கில்லாத பொடின்னு மட்டும் சொல்லிட்டு வாம்மா" என்று காதில் கிசுகிசுத்தார். முந்தின நாள்தான் மூன்று பத்திரிகைகளுக்குப் பேட்டி கொடுத்திருந்தார்.

ஃபிளோராவுக்கும் அந்த ஆசை ஒரு கணம் வந்தது. பூட்டிய தபாலாபீஸில் இரண்டு பேர் எந்த நேரம் சாவு வருமோ என்று உட்கார்ந்திருப்பது நினைவுக்கு வந்தது. அரைகுறையாகச் சொன்னால் அவர்கள் இன்னும் ஒன்பது நாள் உள்ளேதான்.

"மேடம், இதை அனுப்பினது நான்தான்" என்றாள்.

இன்ஸ்பெக்டரின் கை தன்னையறியாமல் இடுப்புக்குப் போனது.

விசாரித்ததில் கதை தெளிவானது. ஃபிளோராவின் விவசாயிகள் பட்டியலில் இருந்த ஹரிஹரசுப்ரமணியன் அமெரிக்கா போய் ஆறு வருடம். ஊரில் நிலத்தைப் பார்த்துக்கொள்ளும் அவருடைய அக்கா ஜகதாம்பாள், ஏதோ பட்டா விஷயம் என்று நினைத்து, உறையைப் பிரிக்காமலே அமெரிக்க முகவரி எழுதித் தபால்தலை ஒட்டித் தம்பிக்கு அனுப்பிவிட்டார். தம்பி அங்கே வீடு மாறிவிட்டார். அமெரிக்கத் தபால்காரர்கள் ஒழுங்காகத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு சாவித்திரி பேனாவை மூடினார். "மொத்தம் எத்தனை பாக்கெட் அனுப்பினீங்க?"

"இருநூறு."

"மீதி நூத்தித் தொண்ணூத்தொம்பது எங்க இருக்கு?"

இன்ஸ்பெக்டர் புது நோட்டு ஒன்றைப் பிரித்தார்.

முதல் வேலையாக ஃபிளோரா தபாலாபீஸுக்குப் போனாள். முகமூடியைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்தாள். போஸ்ட் மாஸ்டர் ராஜகோபாலன் மேஜைமேல் தலைவைத்துக் கிடந்தார். இரண்டு நாளில் கன்னம் ஒட்டிவிட்டது. போஸ்ட்மேன் யூனுஸ் தபால்பையைத் தலைக்கு வைத்துப் படுத்திருந்தார். அவள் விஷயத்தைச் சொன்னாள்.

"மூக்குல போயிடுத்தேம்மா," என்றார் ராஜகோபாலன். "ஒண்ணும் பண்ணாதா?"

"வயல் மண்ணுல இருக்கறதுதான் சார். ஒண்ணும் பண்ணாது."

"உள்ள போய் என்னதான் பண்ணும்?"

ஃபிளோரா யோசித்தாள். "உங்களுக்குக் குலைநோய் வராது சார்."

முதலில் சிரித்தது யூனுஸ்தான். சிரித்தவர் நிறுத்த முடியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ராஜகோபாலன் சிரிக்கவில்லை. தன் மனைவிக்கு எழுதிவைத்திருந்த நாலு பக்கக் கடிதத்தைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துச் சுக்குநூறாகக் கிழித்தார். "இது அவ கண்ணுல படக்கூடாது" என்றார். ஃபிளோரா அவரிடம் மன்னிப்புக் கேட்டாள்.

மீதிப் பொட்டலங்களைக் கண்டுபிடித்துத் திரும்ப எடுக்க வேண்டும் என்று உத்தரவானது. ஒரு வாரம் ஃபிளோரா போலீஸ் ஜீப்பில் ஊர் ஊராகப் போனாள். எட்டு வருட ஆராய்ச்சிக்காகக்கூட அவள் இவ்வளவு கிராமங்களை மிதித்ததில்லை. ஒரு வீட்டில் அவளுடைய பாக்டீரியா, ஆடும் பீரோவின் காலுக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தது. ஓர் அம்மாள் அதை எறும்புக்குத் தூவியிருந்தார். ஓர் இளைஞர் மன்றத்தில் ஊரார் கொடுத்த பதினோரு பொட்டலங்கள் கேரம் போர்டில் கொட்டியே தீர்ந்திருந்தன. "காய் சும்மா வழுக்கிட்டுப் போகுது மேடம். இன்னும் இருந்தா குடுங்க" என்றார் மன்றத் தலைவர். இன்ஸ்பெக்டர் எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டார். ஃபிளோரா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எட்டு வருடம் கேரம் போர்டுக்குத்தானா என்று நெஞ்சு கசந்தது.

ஏழாம் நாள் கடைசியாகப் போனது பாத்திமா மேரி என்பவரின் வயலுக்கு. முழங்கால் சேற்றோடு கரையேறி வந்தார். பொடி என்றதும் அவர் முகம் மலர்ந்தது.

"அதுங்களா? இப்பிடி வாங்க."

வரப்பின் ஒரு பக்கம் சம்பாப் பயிரின் இலையெல்லாம் கண் வடிவத்தில் குலைநோயின் பழுப்புப் புள்ளி. மறுபக்கம் பச்சைப் பசேல் என்று நின்றது.

"பாதி வெதைக்குத்தாங்க கலந்தேன். நம்பிக்கையில்ல. பாத்தீங்கள்ல?"

ஃபிளோரா சேலை நனைவதைப் பார்க்காமல் வயலுக்குள் இறங்கி, இலைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள். கண் கலங்கியது. "எனக்கு ஒரு கடிதம் போட்டிருக்கலாம்லங்க?"

"பயிரு நல்லாயிருந்தா யாருங்க லெட்டர் போடுவா? கெட்டுப்போயிருந்தா தேடிவந்து சண்டை போட்டிருப்பேன்."

இன்ஸ்பெக்டர் தொண்டையைச் செருமினார். "மீதிப் பொடி இருந்தா குடுத்துடுங்கம்மா. கவர்மெண்ட் உத்தரவு."

பாத்திமா மேரி முந்தானையை இறுக்கிச் செருகிக்கொண்டார். "அரைப் பொட்டலம் இருக்கு. அடுத்த போகத்துக்கு வெச்சிருக்கேன். எந்த கவர்மெண்ட் வந்தாலும் தர மாட்டேன்."

இன்ஸ்பெக்டர் ஃபிளோராவைப் பார்த்தார். ஃபிளோரா வயலுக்குள் நின்றபடியே சொன்னாள்:

"கெடைக்கலைன்னு எழுதிக்குங்க சார்."

அவர் எழுதிக்கொண்டார்.