கயிற்றுக் கட்டுச் சிலுவை

கல்லறையில் புதிய கல் சிலுவையை இறக்கி வைத்ததும், கொத்தனார் மதிவாணன் பழைய மரச் சிலுவையைப் பிடுங்கி என் கையில் கொடுத்தார். அடியில் ஒரு சாண் உயரத்துக்குச் சேறு. என் மனைவி வினோதா இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது.

அந்த மரச் சிலுவையைச் செய்தது நான்தான். அடக்கத்தன்று தச்சர் வரவில்லை. வீட்டில் கிடந்த அப்பாவின் படகுப் பலகைகள் இரண்டைக் குறுக்கே வைத்து, வலைக்கயிற்றால் இறுக்கினேன். எங்கள் மீனவ ஊரான வீராம்பட்டினத்தில் நான் கற்ற கட்டு அது. ஆணி என்ற நினைப்பே வரவில்லை.

"கயிறு போட்டா கட்டுமரம் சார். ஆணி அடிச்சாதான் சிலுவ," என்று சிரித்தார் மதிவாணன்.

"ஒரு மழையிலயாவது விழுந்துச்சா? வேலையப் பாருய்யா," என்றார் மாமனார் ஆனந்தராஜ். பிறகு என்னிடம், "சாமியார் மந்திரிச்சது மாப்ள. கண்ட எடத்துல போடக் கூடாது. மாதா கோயில்ல குடுத்தா அவங்களே முறையா எரிச்சிருவாங்க."

"எரிக்க வேணாம் மாமா. வூட்டுக்கு எடுத்துனு போறேன்."

"சம்மந்தியம்மா ஒத்துக்குவாங்களா?"

மாட்டார். காலையிலேயே அம்மா சொல்லியிருந்தார்: "சுடுகாட்டுல நின்னது என் வாசப்படி தாண்டக் கூடாது." வினோதா மீது அம்மாவுக்கு எந்தக் குறையும் இல்லை. அப்பாவைக் கடல் கொண்டுபோன பிறகு, சாவு தொட்ட எதுவும் அவருக்கு ஆகாது.

கல்யாணமான புதிதில் வினோதாவின் கழுத்துச் சிலுவையைப் பிடித்துக் கேட்டேன்: "ஆளக் கொன்ன மரத்த யாராவது கழுத்துல மாட்டுவாங்களா?"

பல் துலக்கிக்கொண்டிருந்தாள். துப்பிவிட்டுச் சொன்னாள்: "நல்லாப் பாரு லூசு. அதுல ஆள் இருக்காரா? எழுந்து போயிட்டாரு. அதான் மாட்டியிருக்கேன்."

இந்த ஒரு வருடத்தில் நான் அழவில்லை. சேதராப்பட்டு கம்பெனிக்குப் போனேன், வந்தேன். அவள் சொன்னதை நம்புகிறேனா, தெரியாது. இந்தச் சிலுவை எரியக் கூடாது. அது தெரியும்.

முதுகில் கட்டிக்கொண்டு வண்டியை எடுத்தேன். சிக்னலில் ஒரு ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்தார். "இன்னா தம்பி, பெரிய வெள்ளிக்கு இன்னும் நாள் கெடக்கே!" அரியாங்குப்பம் பாலத்தில் காற்று குறுக்குப் பலகையில் மோதி என்னைச் சாய்த்தது. நிமிர்ந்து ஓட்டினேன்.

அம்மா வாசலில் குடத்தோடு நின்றார். கல்லறைக்குப் போய் வந்தால் கால் நனைத்துத்தான் உள்ளே போக வேண்டும்.

"கொண்டாந்துட்டியா?"

"ம்."

"சொன்னன்ல?"

"சொன்ன. உள்ளதான் வெக்கப் போறேன்மா."

அம்மா கிட்டே வந்தார். கயிற்றுக் கட்டுக்குள் விரலை விட்டு இழுத்துப் பார்த்தார். இளகவில்லை.

"உங்கப்பன் கட்டு," என்றார்.

என் கால்களில் தண்ணீர் ஊற்றினார். பிறகு குனிந்து, சிலுவையின் அடியிலும் ஊற்றினார். சேறு கரைந்து, காலையில் போட்ட கோலத்தின் மேல் ஓடியது.

"அந்தப் பக்கமும் கழுவணும், திருப்பு," என்றார்.