குழாயில் வைத்த காது

இடித்துக்கொண்டிருந்த கட்டடத்தின் மாடித்தளம், சாப்பாட்டு நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால், சொல்லாமல் கொள்ளாமல் உட்கார்ந்துவிட்டது. கீழே நின்றவர்களில், அங்கேயே சித்தாளாக இருந்த அவளுடைய புருஷனை மட்டும் காணோம். இடிபாட்டிலிருந்து ஒரு தண்ணீர்க் குழாய் நீட்டிக்கொண்டிருந்தது. யாரும் சொல்லி அவள் அதில் காதை வைக்கவில்லை. கைக்கு அகப்பட்டது அதுதான். உள்ளேயிருந்து டக், டக் என்று தட்டுகிற சத்தம்.

மேஸ்திரி எல்லோரையும் வாயை மூடச் சொன்னார். ஜேசிபியை அணைக்கச் சொன்னார். உயிர் இருந்தால் கையால்தான் கல்லை எடுக்க வேண்டும். இல்லையென்றால் இரும்புக் கை இறங்கிவிடும். எது என்று அவள்தான் சொல்ல வேண்டும்.

மூச்சு விடுவதுகூட நின்ற அந்த நேரம் பார்த்து ஹெலிகாப்டர் வந்தது. ஊரைச் சுற்றிக் காட்டுகிற ஹெலிகாப்டர். தினமும் அதைக் கண்டதும், "முதலாளி வந்துட்டாரு, சுத்தியல நல்லா ஓங்குங்கடா" என்பான் அவள் புருஷன். ஆட்கள் சிரிப்பார்கள். இப்போது குழாய் முழுக்க அதன் தடதடப்புதான்.

போகச் சொல்லி மேஸ்திரி துண்டை வீசினார். எல்லோரும் கையை வீசினார்கள். மேலே கண்ணாடிக்குள் ஒரு பெண், மடியில் குழந்தை. இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே பதிலுக்குக் கையாட்டினார்கள். ஹெலிகாப்டர் இன்னும் தாழ இறங்கி, கூடுதலாக ஒரு சுற்றுச் சுற்றியது. தூசி கிளம்பி எல்லார் முகத்திலும் ஒரே வெள்ளையாக அப்பியது. நின்றவர்கள்தான் தோண்டி எடுக்கப்பட்டவர்கள்போல இருந்தார்கள்.

"கைய எறக்குங்கடா. கூப்பிடுறோம்னு நெனைக்குறான்" என்றான் கொழுந்தன்.

கைகள் இறங்கின. கொஞ்ச நேரத்தில் அது கட்டடங்களுக்குப் பின்னால் போய் மறைந்தது. ஊரே அடங்கியதுபோல் இருந்தது.

"அண்ணி, கேக்குதா?"

கேட்டது. ஆனால் பழைய டக், டக் இல்லை. தடதட, தடதட. போய்விட்ட ஹெலிகாப்டரின் தாளத்தை உள்ளே ஒருவன் அப்படியே பிடித்துக்கொண்டு தட்டுவதுபோல. காதை எடுத்தாள், வெளியே ஒன்றுமில்லை. மறு காதை வைத்தாள், அதே தடதட. காதுக்குள் தங்கிப்போன சத்தமா, அவனா? உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். குழாய் நடுங்கியது. நடுங்குவது தன் கையோ என்றும் இருந்தது.

"சொல்லும்மா" என்றார் மேஸ்திரி. "மிச்சத் தளம் ரொம்ப நேரம் தாங்காது."

"தட்டுறாரு. கையாலயே எடுங்க."

ஆட்கள் முட்டி போட்டுக் கற்களில் விழுந்தார்கள். தொங்கிக்கொண்டிருந்த தளத்துக்கு நேர் கீழே கொழுந்தன்தான் முதல் ஆளாகப் போனான். அவள் குழாயை விடவில்லை.

கட்டடங்களின் இடுக்கில் அடுத்த ஹெலிகாப்டர் ஈயளவில் தெரிந்தது. அதன் சத்தம் இன்னும் வந்து சேரவில்லை. அதற்குள் குழாயில் தட்டுவது நின்றுபோயிற்று, உள்ளே யாரோ காது கொடுத்துக் கேட்பதுபோல.