உருளைக்கு மூடி போட்ட மனுஷன்

வேலாயிக்கு வீரசிங்கத்தைப் பார்த்த நாளிலிருந்தே பிடிக்கவில்லை. அவர் தோட்டத்துத் தேயிலை ஸ்டோரில், கொழுந்து தூளாகிற அந்த ஆலையில், இயந்திரம் பார்க்கிறவர், யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். ஓடையில் சுற்றும் தண்ணீர்ச் சக்கரத்திலிருந்து கொழுந்து உருட்டும் இயந்திரம் வரைக்கும் அத்தனை தோல்வாரும் அவர் சொன்னால்தான் ஓடும். யாரோடு பேசினாலும் முகத்தைப் பார்க்கமாட்டார். கண் எதிரில் நிற்கிறவரின் கையிலும், தொங்குகிற துணியிலுமே நிற்கும். அப்படிப் பார்க்கிறவன் மனதில் என்ன இருக்கும் என்று அவள் தன் புருஷனிடம் பலதடவை கேட்டுவிட்டாள்.

புருஷன் கந்தப்பன் தோட்டத்துத் தச்சன். தோட்டத்தை நடத்துகிற வெள்ளைக்காரத் துரை புது பங்களா கட்டிக்கொண்டிருந்தார். கதவு, அலமாரி, சாப்பாட்டு மேசை எல்லாவற்றுக்கும் பலாப் பலகை. அதையெல்லாம் கையால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கந்தப்பனுக்குத் தோள் இறங்கிவிட்டது. ஸ்டோரில் வார் ஓடுவதைப் பார்த்துத்தான் அவனுக்கு அந்த யோசனை வந்தது. ஒரு மர உருளை செய்து, அதைச் சுற்றி உப்புத்தாளை ஒட்டி, வாரில் பூட்டிவிட்டால் தேய்க்கிற வேலையை ஓடைத் தண்ணீரே செய்துவிடாதா? துரைக்கும் பிடித்துப்போனது. ஆனால் வீரசிங்கம் பக்கத்தில் இருந்துதான் எல்லாம் நடக்கவேண்டும் என்று சொல்லிவிட்டார்.

அங்கேதான் வேலாயிக்கு உறுத்தியது. யோசனை இவனுடையது, பெயர் அவருக்குப் போகப்போகிறது.

ஸ்டோருக்குப் பின்னால் ஒரு கொட்டகையில் வேலை நடந்தது. வட்டமாக அறுத்த பலகைகளை ஓர் இரும்புத் தண்டில் கோத்து இறுக்கினார்கள். தண்டைச் சுழலவிட்டு, உளியை அசையாமல் பிடித்து, மேடு பள்ளம் இல்லாமல் உருளையைக் கடைந்தார்கள். வேலாயி வீட்டில் காய்ச்சிக் கொடுத்த வச்சிரத்தைத் தடவி, உப்புத்தாளைக் கச்சை கட்டுவதுபோலச் சாய்வாகச் சுற்றி ஒட்டினார்கள். மாட்டுத்தோலைக் காய்ச்சி எடுக்கிற அந்தப் பசை நாறும். பக்கத்து லயத்து வரிசை வீட்டுக்காரிகள் மூக்கைப் பொத்திக்கொண்டு போவார்கள். அவளுக்கு அது பழகிப்போன நாற்றம்.

அதற்குப் பிறகுதான் வீரசிங்கம் சட்டம் போட ஆரம்பித்தார். உருளையின் மேல் கனமான மரமூடி இல்லாமல் வாரைப் பூட்டக்கூடாது. பலகையை உருளை சுழலுகிற பக்கத்துக்கு எதிராகத்தான் கொடுக்கவேண்டும். அதையும் கையால் தள்ளாமல் ஒரு கட்டையால் தள்ளவேண்டும். தலைப்பாகைத் துண்டைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும். வாரைக் கழற்றாமல் யாரும் உருளைக்குக் கிட்டப் போகக்கூடாது. கொட்டகைச் சாவி அவர் இடுப்பிலேயே தொங்கியது.

“நல்லது செய்யறவன் எதுக்குங்க மூடி போட்டு மறைக்கணும்?” என்று வேலாயி கேட்டாள்.

கந்தப்பன் சிரித்தான். “அது என் விரலுக்குப் போட்ட மூடி, புள்ள.”

அவள் சமாதானமாகவில்லை. சாப்பாடு கொண்டுபோகிறபோதெல்லாம் வாசலில் நின்று வீரசிங்கத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். அவர் தண்டை ஆட்டிப் பார்ப்பதும், தாளின் ஓரத்தை நகத்தால் நெருடிப் பார்ப்பதும் அவளுக்குக் குறிபார்க்கிற மாதிரியே பட்டது.

ஆயுத பூசை வந்தது. உளி, இழைப்புளி, வாள் எல்லாவற்றையும் வேலாயி வழக்கம்போல மஞ்சள் தண்ணீரில் கழுவி, பொட்டு வைத்து, வாழையிலையில் அடுக்கினாள். உருளை மட்டும் கொட்டகையில் கிடந்தது. அது துரை சாமான், விட்டுவிடு என்று கந்தப்பன் சொல்லியிருந்தான். அவளுக்கு மனசு கேட்கவில்லை. பூசை காணாத ஆயுதம் ரத்தம் கேட்கும் என்று அவள் நம்பினாள். ஸ்டோர்க் கணபதிக்கு மாலை போட வீரசிங்கம் கொட்டகையைத் திறந்து வைத்துவிட்டு அந்தப் பக்கம் போன நேரத்தில், ஒரு செம்பு மஞ்சள் தண்ணீரோடு உள்ளே நுழைந்தாள். தாளில் அடைந்திருந்த மரத்தூளெல்லாம் போகும்படி உருளையை அழுத்திக் கழுவினாள். பழந்துணியால் துடைத்தாள். மூடியின் உள்பக்கம் ஒரு பொட்டு வைத்து, என் புருஷன் கையைக் காப்பாத்து என்று கும்பிட்டுவிட்டு வந்தாள்.

மறுநாள் விஜயதசமி, வேலை தொடங்குகிற நாள். கந்தப்பன் வாரைப் பூட்டி முதல் பலகையைக் கொடுத்ததும் உப்புத்தாள் பிய்ந்து சாட்டைபோல மூடிக்குள் அடித்தது. பலகை எகிறிப் பின்னால் வந்து அவன் இடது முன்கையில் இடித்தது. எலும்பு முறிந்துபோனது.

கட்டுப்போட்டு அவனைப் பாயில் படுக்க வைத்ததுமே வேலாயி பெரிய கங்காணி மாடசாமியிடம் போய்விட்டாள். சாவி வைத்திருந்தவர் ஒருத்தர்தான், தாளை நெருடி நெருடிப் பார்த்தவரும் அவர்தான் என்றாள். கத்தியால் கீறி வைத்துவிட்டார் என்று சொன்னாள். அந்த யாழ்ப்பாணத்தான் தனக்கு அடங்கவில்லை என்று பெரிய கங்காணிக்கு ஏற்கனவே புகைச்சல். விஷயம் சூடு ஆறுவதற்குள் துரையிடம் போனது. நாளைக் காலை ஆள் கூடி வேலை பிரிக்கிற பெரட்டில் வீரசிங்கத்துக்கு வேலைநீக்கப் பத்துச்சீட்டு, குடும்பத்தோடு தோட்டத்தைவிட்டு இறங்கவேண்டும் என்று ஆயிற்று.

துரை சாட்சி கேட்டால் காட்டுவதற்காக வேலாயி பூட்டாமல் விட்டிருந்த கொட்டகையில் கிடந்த கிழிந்த தாளைத் தேடி எடுத்தாள். கத்தி பட்ட இடத்தைத் தேடினாள். கீறலே இல்லை. தாள் ஓரத்திலிருந்து உரிந்து வந்திருந்தது. திருப்பினாள். பின்பக்கம் முழுக்க மஞ்சள். விரல் வைத்த இடத்தில் வச்சிரம் வழவழவென்று இழுபட்டது.

விரலை மோந்து பார்த்தாள்; அவள் அடுப்படி நாற்றம். மாதம் தவறாமல் வச்சிரம் காய்ச்சுகிறவள். காய்ந்த கட்டியைத் தண்ணீரில் ஊறப்போட்டு, அது இளகிய பிறகுதான் அடுப்பில் ஏற்றுவாள். உளியைக் கழுவுகிற கையாலேயே உருளையையும் கழுவியபோது அது ஏன் நினைவுக்கு வரவில்லை?

நேராக வீரசிங்கத்தின் வீட்டுக்குப் போனாள். அவர் மனைவி சட்டிகளைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள். வேலாயி வாசலில் நின்றபடியே தாளை நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

“எனக்கு அப்பவே தெரியும், தங்கச்சி. தாள் பிய்ஞ்ச பிறகு பாத்தன், உருளையில மஞ்சள் கிடந்தது.”

“அப்ப ஏன் சொல்லல?”

“சாமி கும்பிட்டதாலதான் கந்தப்பன்ர கை முறிஞ்சது எண்டு நான் சொன்னா, இந்த லயங்கள் என்னை உயிரோட விடுமோ? நான் வெளியூரான்.” தாளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: “காலமை வார் பூட்ட முதல் நான் தாளைப் பாத்திருக்கவேணும். சக்கரத்தில கல்லு சிக்கினதெண்டு அங்க போயிட்டன். அது என்ர பிழை.”

காலையில் பெரட்டில் எல்லாரும் கூடியிருக்க, வேலாயி வரிசையைவிட்டு முன்னால் வந்தாள். தான்தான் கழுவியதாகச் சொன்னாள். பெரிய கங்காணி அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

“நேத்து ஒரு பேச்சு, இன்னிக்கு ஒரு பேச்சு. ராத்திரியில யாரு வந்து சொல்லிக் குடுத்தா?”

பின்னால் பெண்கள் வரிசையில் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். வேலாயிக்குக் காது மடல் எரிந்தது. கங்காணியைத் தாண்டிப்போய்க் குதிரைமேல் இருந்த துரையிடம் தாளைக் கொடுத்தாள். கணக்கப்பிள்ளை அவள் சொன்னதை இங்கிலீஷில் சொன்னார். துரை தாளின் பின்பக்கத்தைக் கட்டைவிரலால் தேய்த்தார். மஞ்சளும் பசையும் விரலோடு வந்தன. மூக்கைச் சுளித்துக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார். வீரசிங்கம் இருக்கட்டும், இனிமேல் அந்தக் கொட்டகைக்குள் எந்தப் பொம்பிளையும் கால் வைக்கக்கூடாது என்று உத்தரவாயிற்று.

அன்று கொழுந்து மலையில் வேலாயி பக்கத்துச் செடிவரிசையில் யாரும் நிரை பிடிக்கவில்லை. கூடையை இறக்கி வைத்த இடத்தில் பேச்சு சட்டென்று நின்றது. அவள் விலகிப்போன பிறகு மறுபடி தொடங்கியது.

வீட்டுக்கு வந்தபோது கந்தப்பன் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தான். விஷயமெல்லாம் அவனிடம் வந்து சேர்ந்திருந்தது. தண்ணீர் கொடுத்தாள். அவன் குடிக்கவில்லை.

“வீரசிங்கம் வீட்டுக்கு நீ எப்ப போனே?”

“நேத்துப் பொழுதுசாய. அவரு மேல தப்பில்லேன்னு தெரிஞ்சதும் போனேன்.”

“முதல்ல எங்கிட்டதானே வந்திருக்கணும்.”

வாசலில்தான் நின்றேன், அவர் மனைவி பக்கத்திலேயே இருந்தாள் என்றாள். அவன் தலையாட்டினான். ஆனால் அவன் கண் அவள் முகத்துக்கு வரவில்லை.

“நீ வாசல்லயே நின்னத யாரு பாத்தா?” என்று கேட்டான்.