தகரம் தட்டாத கல்யாணம்

1

இந்தக் கதை பிறந்தது ஓர் ஆங்கில அகராதியில். 'கக்கோஃபனி' என்ற சொல்லுக்குக் கடூர ஓசை, இசைவில்லாத இரைச்சல், காதுக்கு ஒவ்வாத கூச்சல் என்று அர்த்தம் போட்டிருந்தது. யார் காதுக்கு என்று போடவில்லை. அடடே, இது நம்ம வேலையாச்சே என்று உட்கார்ந்துவிட்டேன்.

2

சேர்வராயன் மலைச்சரிவில் மஞ்சள் வெயில் மெல்ல... (சேச்சே, காலண்டர் படம். அடித்தாயிற்று.)

நாகலூரில் ஒரு சர்ச். அதை ஒட்டிக் கண்ணாயியின் சாமைக் காடு. கதிர் முற்றி நிற்கிறது; அதை அறுத்தால்தான் அவளுக்கு வருஷத்துச் சோறு. பொழுது சாய்ந்தால் காட்டெருமைகள் இறங்கும். பழைய எண்ணெய் டின்னைக் கட்டையால் தட்டித்தான் விரட்டுவாள். அந்தச் சத்தம் இருக்கிறதே, பல் கூசும்.

3

அன்று சாயங்காலம் சர்ச்சில் சாராவுக்குக் கல்யாணம். அவள் அம்மா பிரிஸ்கில்லா, தையல்கடை வைத்திருப்பவள், காலையிலேயே வேலியோரம் வந்து நின்றாள்.

"அக்கா, தாலி கட்டற வரைக்கும் டின்னு மட்டும் தட்டாதீங்கக்கா. பாட்டெல்லாம் கெட்டுப்போயிரும்."

"அதுக்கென்ன சாமி, தட்டலை. நம்ம ஊட்டுக் கல்யாணந்தான."

(இவ்வளவு சட்டென்று ஒத்துக்கொள்வாளா என்று எனக்கே சந்தேகம். ஒத்துக்கொள்வாள். பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்கு 'முடியாது' சொல்ல அங்கே யாருக்கும் வாய் வராது.)

4

பாடகர் குழு ஆரம்பித்தது. எருமைகளும் இறங்கின. கண்ணாயி கட்டையை எடுத்தாள், கீழே வைத்தாள். கையை வீசினாள், கல்லை விட்டெறிந்தாள். அவை பாட்டுக்கு மேய்ந்தன. உள்ளே பாட்டு என்னமோ அருமை. எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. அவளும் அழுதாள், வேறு காரணத்துக்கு.

5

முடிவு ஒன்று: எருமைகள் பாட்டில் மயங்கித் திரும்புகின்றன. (காதில் பூ சுற்றாதே என்பீர்கள். சரி.)

முடிவு இரண்டு: மணப்பெண்ணே ஓடிவந்து டின்னைத் தட்டுகிறாள். கைதட்டல் நிச்சயம். ஆனால் உள்ளே இருந்தவளுக்கு வெளியே நடப்பது எப்படி...

முடிவு மூன்று: இருட்டுவதற்குள் பிரிஸ்கில்லா பிரியாணித் தூக்கோடு வருகிறாள். முகமெல்லாம் சிரிப்பு.

"சத்தமே இல்லீங்களேக்கா! நல்லவேளை, இன்னிக்கு எருமை வரலைங்களா?"

கண்ணாயிக்கு 'வரலை' என்றுதான் எழுதி வைத்திருந்தேன். சொல்ல மாட்டேன் என்றுவிட்டாள்.

"வந்துச்சு சாமி. புள்ள கழுத்துல தாலி ஏறட்டும்னு பார்த்துக்கிட்டே நின்னேன். வயிறு நொம்ப எரிஞ்சுது."

பிரிஸ்கில்லா திரும்பிக் காட்டைப் பார்க்கிறாள். அடுத்த வசனம் அவளுடையது. நான் எழுத மாட்டேன். அந்தப் பாட்டை நானும் ரசித்தேன், நீங்களும் ரசித்தீர்கள். கண்ணாயி காத்திருக்கிறாள், நீங்களே பதில் சொல்லுங்கள்.